சாலையின் உரிமையும் உயிரின் மதிப்பும்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

இன்று நாம் பார்க்கவிருக்கும் தலைப்பு சாலை விபத்துகள். ஈமானையும் அமலையும் பற்றிப் பேச வேண்டிய மிம்பரில் ஹெல்மெட்டையும் பைக்கையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன என்று சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் உயர்ந்த கிளையாகக் கலிமாவையும், கடைசிக் கிளையாகப் பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் குறிப்பிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. பாதையைப் பாதுகாப்பாக வைப்பது ஈமானின் ஒரு பகுதி என்றால், அதைப் பற்றிப் பேச மிம்பரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வயதானவர் நோயில் இறந்தால் ஜனாஸாவைச் சில மணி நேரத்தில் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழ வைத்து, நல்லடக்கம் செய்துவிடுகிறோம். விபத்தில் இறந்தவரின் நிலை அப்படியல்ல. காவல் நிலையத்தில் வழக்குப் பதிய வேண்டும், பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். உறவினர்கள் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். தைத்துக் கட்டிய உடலைக் குளிப்பாட்டுவது எத்தனை கடினம் என்பது அந்தக் கடமையைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஜனாஸா வந்த பிறகு முகத்தைத் திறந்து காட்டலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிப் பேச வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அந்தத் தாயும் தந்தையும் படும் பாட்டை எந்தக் குடும்பமும் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

விதியா, அலட்சியமா?

விபத்து நடந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் முதலில் சொல்வது, "எல்லாம் விதி" என்பதுதான். நடந்து முடிந்ததை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் ஆறுதலாக அது சரியான வார்த்தை. கதரை நம்புவது நம் ஈமானின் கடமை. ஆனால் அதே வார்த்தையை, நாளை நடக்கப் போவதைத் தடுக்காமல் இருப்பதற்குச் சாக்காகச் சொன்னால் அது மார்க்கம் கற்றுத் தந்த கதர் அல்ல.

ஹிஜ்ரி 18-ம் ஆண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமாகிறார்கள். 'ஸர்ஃ' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கிற செய்தி வருகிறது. உள்ளே போவதா, திரும்புவதா? உமர் (ரலி) தாமே முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், பிறகு அன்ஸாரிகளை, பிறகு குறைஷிகளின் மூத்தவர்களை அழைத்தார்கள். கடைசியில் திரும்புவது என்று முடிவானது. அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கித்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பக்கம் செழிப்பாகவும் மறுபக்கம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கில், எந்தப் பக்கம் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். அதன் பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம், அங்கே இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். ஸஹீஹுல் புகாரீயில் இந்த நிகழ்ச்சி விரிவாக வருகிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஆபத்திலிருந்து விலகுவதும் கதரில் அடங்கியதுதான். உயிரைக் காக்கும் முடிவைப் பல தரப்பாரும் கூடிப் பேசி எடுக்க வேண்டும் என்பதும் பாடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஹெல்மெட்டின் வாரை மாட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதும் அதே பாடம்தான்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

நம் தமிழ்நாட்டின் கணக்கையே பாருங்கள். 2016-ம் ஆண்டு இந்த மாநிலத்தின் சாலைகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2018-ல் அது 12,216 ஆனது. 2019-ல் 10,525 ஆகக் குறைந்தது. மூன்று ஆண்டுகளில் 6,693 மரணங்கள் குறைந்தன. சாலையில் ஓடும் வாகனங்கள் குறையவில்லை, ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் சாவு குறைந்தது. எல்லாமே நம் கையை மீறியது என்றால் இது எப்படி நடந்தது?

துறைகள் சேர்ந்து வேலை செய்ததில்தான் பதில் இருக்கிறது. போக்குவரத்துத் துறை, காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, சுகாதாரத் துறை, பள்ளிக் கல்வித் துறை என்று தனித்தனியாக இருந்தவை, சாலைப் பாதுகாப்பு என்ற ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உட்கார்ந்தன. எந்த இடத்தில் விபத்து திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதைக் காவல் துறை பதிவு செய்தது. அந்த இடத்தின் வளைவை, வெளிச்சத்தை, தடுப்பை நெடுஞ்சாலைத் துறை சரி செய்தது. குடித்துவிட்டு ஓட்டியவர்கள், அதிவேகமாகப் போனவர்கள், செல்போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் ஆகியோரின் ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துத் துறை தற்காலிகமாக முடக்கியது. விபத்து அதிகம் நடக்கும் இடங்களுக்கு அருகிலேயே 108 ஆம்புலன்ஸ்கள் நிறுத்தப்பட்டன. அரசு மருத்துவமனைகளில் விபத்துக் காயங்களுக்கென்று அவசர சிகிச்சைப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன.

இதே காலத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்து, 2017 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. பிறகு அதில் சில தளர்வுகள் வந்தன. ஆனாலும் மதுவுக்கும் சாலைச் சாவுக்கும் உள்ள தொடர்பை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். மதுவைத் தீமைகளின் தாய் என்று நம் மார்க்கம் சொல்வது எத்தனை உண்மை!

ஆனால் சகோதரர்களே, கணக்கு இதோடு முடியவில்லை. ஊரடங்குக் காலம் முடிந்த பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறியது. 2022-ல் 17,884 பேர் இறந்தார்கள். 2023-ல் அது 18,000-ஐத் தாண்டியது. இறங்கிய இடத்திலிருந்து, தொடங்கிய இடத்துக்கும் மேலே போய்விட்டோம். உயிர்காக்கும் வேலையை ஒருமுறை செய்து முடித்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது என்று இது காட்டுகிறது. நேற்றுத் தொழுத தொழுகை இன்றைய கடமையைத் தீர்க்காது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஒரே கப்பலில் இருக்கிறோம்

பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன ஓர் உவமை புகாரீயில் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் கப்பலில் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்தளம். கீழே இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு முறையும் மேலே வந்து போக வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

இந்த உவமையை ஏரியும் கடலும் சூழ்ந்த பழவேற்காட்டு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மரக்கலத்தில் அரபு நாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். படகின் ஒரு பலகை பிளந்தால் என்ன ஆகும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. நம் ஏரியைப் பார்க்க வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்க முடியாது. மீன் பிடிக்கிற படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தார்கள். உயிர்காப்பு மிதவைகள் இல்லை. தண்ணீரில் நடந்ததால் அதைப் படகு விபத்து என்கிறோம். அதே மூன்று காரணங்கள்தான் நம் சாலையிலும் இருக்கின்றன. ஆட்களை ஏற்ற அமைக்கப்படாத வண்டியில் ஆட்களை ஏற்றுகிறோம். ஐந்து பேர் உட்கார வேண்டிய ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரும், இரண்டு பேர் போக வேண்டிய பைக்கில் நான்கு பேரும் போகிறோம். மிதவைக்குப் பதிலாகத் தலையில் இருக்க வேண்டிய ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறது.

காற்றின் திசை மாறினால் வலையைச் சுருட்டிவிட்டுக் கரைக்குத் திரும்பும் அறிவு நம் மீனவர்களுக்கு இருக்கிறது. கடலிடம் காட்டும் அந்த எச்சரிக்கையைக் கரை ஏறியதும் ஏன் விட்டுவிடுகிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களைச் சேர்ந்த மீனவர்கள், இன்று யார் எந்த இடத்தில் வலை விடுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். முறை வராதவர் அடுத்தவர் பாட்டில் நுழைய மாட்டார். பல தலைமுறைகளாக ஊர்க் கட்டுப்பாடு அதைக் காத்து வருகிறது. சாலை விதி என்பதும் ஒரு பாடுதான். இப்போது உன் முறை, இப்போது என் முறை என்று விட்டுக்கொடுப்பதுதான் அதன் சாரம். ஏரியில் இதைச் சாதித்த மக்களுக்குத் தார்ச் சாலையில் சாதிப்பது முடியாத காரியமல்ல.

சாலையின் உரிமைகள்

பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) சொன்னபோது, உட்கார்ந்து பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்ன நபியவர்கள், பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவற்றை அந்த உரிமைகளாக எண்ணிக் காட்டினார்கள். பாதைக்கு உரிமை உண்டு என்பதே எவ்வளவு பெரிய பாடம்!

அந்த உரிமைகளை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, நிதானம். ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து திரும்புகையில், பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தத்தை நபி (ஸல்) கேட்டார்கள். மக்களை நோக்கிச் சைகை செய்து, அமைதியாக வாருங்கள், விரைவாக ஓட்டுவதில் நன்மை இல்லை என்று அறிவுறுத்தினார்கள். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாட்டுப் பாடி வேகமாக ஓட்டியபோது, மெதுவாகப் போகச் சொல்லி, அந்தப் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டார்கள். மனைவியையும் கைக்குழந்தையையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பொன்னேரி சாலையில் பறக்கும் சகோதரரே, உங்கள் வண்டியில் இருப்பது கண்ணாடி என்பதை நினைவில் வையுங்கள்.

வேகம் என்ன செய்யும் என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. அது ஏறக்குறைய இரண்டு ஃபைபர் படகுகளின் நீளம். குறுக்கே ஒரு மாடோ குழந்தையோ வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். வண்டி நிற்பது அதற்கும் பிறகுதான். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு ஏற்படும் விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பள்ளிக்கு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். இகாமத் சொல்லப்பட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியாக நடந்து வந்து கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபிவழி. குத்பா தொடங்கிவிட்டதே என்று பைக்கை முறுக்கிக்கொண்டு வருவது நன்மையைத் தேடும் வழி அல்ல.

இரண்டாவது, தொல்லையை நீக்குதல். பாதையில் கிடந்த முள் கிளையை அகற்றிய ஒருவருக்கு அந்த ஒரு செயலுக்காகவே அல்லாஹ் பாவத்தை மன்னித்தான் என்று ஹதீஸில் வருகிறது. மீன் வண்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் வளைவில் தேங்கினால் பின்னால் வரும் பைக் வழுக்கும். ரோட்டோரத்தில் காயப் போடும் வலையும் கருவாடும் நடந்து போகிறவரை நடு ரோட்டுக்குத் தள்ளும். ஜும்ஆ நேரத்தில் பள்ளிக்கு முன்னால் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் நம் பைக்குகளும் அந்த முள் கிளையைப் போன்றவைதான். ஆம்புலன்ஸ் ஒன்று வந்தால் நுழைய வழி இருக்குமா என்று பார்த்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, வண்டியின் உரிமை. உப்புக் காற்று அடிக்கும் கடலோர ஊர் இது. வெளியூரில் நெடுநாள் உழைக்கும் பிரேக் கேபிளும் செயினும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். பின் விளக்கு இல்லாத வண்டி, விடிவதற்கு முன் மீன் கொண்டு போகிற இருட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது. படகை மணலில் ஏற்றியதும் அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல், வண்டியையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

நான்காவது, பிள்ளைகளின் உரிமை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு பைக் சாவியைக் கொடுப்பது பாசமல்ல. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அந்தப் பிள்ளை விபத்து செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும். அதைவிடப் பெரிய விசாரணை மறுமையில் இருக்கிறது. ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பு பற்றி விசாரிக்கப்படுவார் என்ற ஹதீஸ் தந்தைமார்களுக்கும் உரியதே. ரமளானின் புனித இரவுகளில் தொழுது துஆ கேட்க வேண்டிய இளைஞர்கள், பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டில் பைக் ரேஸ் விடுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அந்த இரவில் உங்கள் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்பது உங்கள் கடமை.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது?

உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்கள் ஐந்தில் ஒன்று. தவறுதலாக ஒரு முஃமினின் உயிரைப் போக்கிவிட்டவர் மீதுகூட, இறந்தவரின் குடும்பத்துக்கு தியத் என்னும் இழப்பீட்டையும் கஃப்பாராவையும் ஸூரா அன்னிஸாவின் 92-வது வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லையே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட மார்க்கம் அனுமதிக்கவில்லை.

வாகன விபத்துகள் பற்றி மார்க்க அறிஞர்கள் சர்வதேச அளவிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-ல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளைக் கடைப்பிடிப்பது மார்க்க ரீதியிலும் கட்டாயம் என்று தீர்மானித்தது. வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு ஓட்டியவர் பொறுப்பு என்பதையும் அது உறுதி செய்தது. ஆகவே சிக்னலை மீறுவதும் எதிர்த் திசையில் ஓட்டுவதும் போலீஸ்காரர் பார்க்கவில்லை என்றால் பரவாயில்லை என்கிற விஷயமல்ல. அல்லாஹ் பார்க்கிறான்.

ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,000-க்கும் மேற்பட்டோரில், நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணிந்தால் தலைக் காயத்தின் ஆபத்து சுமார் 70 விழுக்காடும், மரணத்தின் ஆபத்து சுமார் 40 விழுக்காடும் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அல்பகறா 195-வது வசனம் தடுத்திருக்கிறது. தொப்பி இருக்கிறது, வெயிலாக இருக்கிறது, பக்கத்தில்தானே போகிறேன் என்பவை அல்லாஹ்விடம் சொல்லக்கூடிய காரணங்கள்தானா என்று யோசியுங்கள்.

விபத்தைப் பார்த்தால் ஒதுங்காதீர்கள்

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர்கள் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்பது அல்மாயிதா 32-வது வசனத்தின் கருத்து. அந்த வசனத்தின்படி அமல் செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் சாலையில்தான் வருகிறது. ஆனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் பலரைத் தடுக்கிறது.

அந்தப் பயத்துக்கு இன்று இடமில்லை. காயம்பட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட வலிமை கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்.

செலவுக்கு யார் பொறுப்பு என்ற தயக்கமும் தேவையில்லை. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை அரசின் செலவு. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளோடு தனியார் மருத்துவமனைகளும் சேர்த்து 600-க்கும் மேற்பட்டவை இதில் இணைக்கப்பட்டன.

எனவே செய்ய வேண்டியது இதுதான். உடனே 108-ஐ அழையுங்கள். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தக் குப்பம், எந்தப் பாலம், எந்தப் பள்ளிக்கூடம் பக்கம் என்று அடையாளம் சொல்லுங்கள். பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலும் முதுகிலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் ஆளைத் தூக்கி உட்கார வைத்து இழுக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். செல்போனில் வீடியோ எடுப்பவரிடம், அந்தப் போனில் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். விழுந்து கிடப்பவர் எந்த மதம் என்று பார்க்காதீர்கள். வசனம் பொதுவாக உயிர் என்றுதான் சொல்கிறது.

நம் ஜமாஅத்தும் ஊரும் செய்ய வேண்டியவை

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும்படி அல்மாயிதாவின் 2-வது வசனம் கட்டளையிடுகிறது. அரசுத் துறைகள் சேர்ந்து வேலை செய்தபோது கிடைத்த பலனைப் பார்த்தோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் எல்லாம் அதில் உட்காருகின்றன. ஆனால் எங்கள் தெரு முனையில் புதர் மண்டி எதிரே வரும் வண்டி தெரியவில்லை என்ற செய்தியை அவர்களிடம் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டியது யார்? அந்தத் தெருவில் நடக்கிற நாம்தான்.

நம் ஊரில் இது எளிது. ஜமாஅத் இருக்கிறது, மீனவ கிராமங்களின் பஞ்சாயத்து இருக்கிறது, மாதா கோயிலும் அம்மன் கோயிலும் இருக்கின்றன. பள்ளிக்கூடங்களும் ஊராட்சியும் இருக்கின்றன. புயல் எச்சரிக்கை வரும்போது எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். சாலைக்காகவும் ஒன்றாக நிற்போம்.

முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் சில காரியங்களை இந்த மாதமே தொடங்கலாம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை எந்தெந்த வளைவில், எந்தெந்த நேரத்தில் விபத்து நடக்கிறது என்று ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களையும் மீன் வண்டிக்காரர்களையும் கேட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். அந்த வழியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பிறகு எல்லாச் சமுதாயப் பெரியவர்களும் கையெழுத்திட்டு அதை மாவட்ட ஆட்சியருக்கும் காவல் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் கொடுங்கள். கொடுத்ததோடு விட்டுவிடாமல், மூன்று மாதம் கழித்து என்ன ஆனது என்று கேளுங்கள்.

ஜும்ஆ நாளில் வண்டிகளை ஒழுங்குபடுத்த நான்கு இளைஞர்களை நியமியுங்கள். பைக்கை மிகவும் விரும்பும் இளைஞர்களையே அந்தப் பொறுப்பில் வையுங்கள். முதலுதவிப் பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியைக் கேளுங்கள். நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தரும் அன்பளிப்போடு இரண்டு ஹெல்மெட் சேர்ந்தால் அதைவிட நல்ல சீர் எது?

நகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியையும் பூநாரைகளையும் பார்க்க வருகிறவர்கள் நம் விருந்தினர்கள். துறைமுகங்களுக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு மீஞ்சூர் பக்கம் இரவும் பகலும் ஓடும் லாரிகளின் ஓட்டுநர்களும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள். தூக்கம் இல்லாமல் ஓட்டுகிறவரைக் கைதட்டி நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுப்பதும் ஸதகாதான்.

ஃபுராத் நதிக்கரையில் ஓர் ஆடு வீணாக இறந்துபோனாலும் அதைப் பற்றி அல்லாஹ் தம்மிடம் கேட்பானோ என்று உமர் (ரலி) அஞ்சினார்கள். மதீனாவில் இருந்துகொண்டு, பல நூறு மைல் தூரத்தில் இருக்கும் ஆற்றங்கரையை நினைத்து அஞ்சினார்கள். நம் ஏரிக்கரையில், நம் கண் முன்னால் போகும் ஆடல்ல, ஆதமுடைய மக்கள். அவர்களைப் பற்றி நம்மிடம் கேட்கப்படாது என்று நினைக்கிறீர்களா?

அன்பானவர்களே! இன்று தொழுகை முடிந்து வெளியே போகும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பயண துஆவை ஓதுங்கள், ஹெல்மெட் வாரை மாட்டுங்கள், பின்னால் உட்காருகிறவரையும் மாட்டச் சொல்லுங்கள். துஆவும் வேண்டும், வாரும் வேண்டும். உங்கள் வீட்டில் உங்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு நீங்கள் செய்யும் கடமை அது.

யா அல்லாஹ்! எங்கள் பயணங்களை ஸலாமத்தான பயணங்களாக ஆக்குவாயாக! சாலையிலும் தண்ணீரிலும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! விபத்தில் இறந்தவர்களின் பாவங்களை மன்னித்து, அவர்களின் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! காயம்பட்டுக் கிடப்பவர்களுக்குப் பூரண சுகத்தைக் கொடுப்பாயாக! உயிரைக் காக்க உழைக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், காவலர்கள் அனைவரின் கைகளையும் பலப்படுத்துவாயாக! எங்களைப் பிறருக்குத் தொல்லை தராத மக்களாக ஆக்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.